பழைய அலெசிஸ் டிஎம்5 டிரம் மாட்யூல்: டிஸ்ப்ளே எரிகிறது, சத்தம் இல்லை. பணம் கொடுக்கலாமா?

குமரி_தாளம்

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு ஊரில் ஆலயப் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். கொடை சீசனில் யாராவது கூப்பிட்டால் கச்சேரிக்கும் போவேன். எங்கள் ஆலயத்தில் கூரை ரொம்ப உயரம். அசல் டிரம்ஸை அங்கே அடித்தால் ஸ்னேர் சத்தம் பீடத்தில் முட்டித் திரும்பி வருகிறது, பாடுகிறவர்கள் எந்த அடியைப் பிடிப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். அதனால் எலக்ட்ரானிக் பக்கம் போகலாம் என்று முடிவு செய்தோம். குழுவிடம் பெரிய பணம் கிடையாது.

திருநெல்வேலியில் பக்திப் பாட்டு கேசட் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவை மூடிவிட்டு எல்லாவற்றையும் விற்கிறார்கள். அங்கே அலெசிஸ் டிஎம்5 மாட்யூல் ஒன்று இருந்தது. பேடை அடித்தால் டிரம்ஸ் சத்தம் தருகிற, ரேக்கில் மாட்டுகிற தட்டையான கறுப்புப் பெட்டி. கூடவே பிளைவுட்டில் ரப்பர் ஷீட் ஒட்டி அவர்களே செய்துவைத்த ஐந்து பேட்கள், ஒரு கிக் பெடல். எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் சொன்னார். ஆயிரம் முன்பணம் கொடுத்து எடுத்து வந்திருக்கிறேன். "ஞாயிறு வரைக்கும் வச்சுப் பாரு, சரிப்படலேன்னா கொண்டு வந்துரு" என்றார். நல்ல மனிதர்தான்.

நிலைமை இது. ஆன் செய்தால் டிஸ்ப்ளே பளிச்சென்று எரிகிறது. சக்கரத்தைத் திருப்பினால் கிட் (ஒவ்வொரு பேடுக்கும் எந்தச் சத்தம் என்று சேர்த்துவைத்த தொகுப்பு) பெயர்கள் மாறுகின்றன. அந்த ஸ்டுடியோக்காரர் சேமித்துவைத்த பெயர்களெல்லாம் அப்படியே இருக்கின்றன: 'அம்மன் 2', 'கும்மி', 'வில்லு ஸ்லோ'. பார்க்கவே ஆசையாக இருக்கிறது. பேடை அடித்தால் டிஸ்ப்ளேயில் அசைவும் தெரிகிறது. ஆனால் சத்தம் இல்லை. ஹெட்போன் மாட்டி வால்யூமை முழுக்க வைத்தால் எங்கோ தூரத்தில் கரகரவென்று ஒரு கீறல் மட்டும் கேட்கிறது. மிக்சரில் மாட்டினாலும் அதே கதை.

"அவுட்புட் ஐசி போயிருக்கும், சின்ன வேலை" என்கிறார் விற்பவர். எங்கள் ஊர் டிவி மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது தம்பி" என்று மூடிவிட்டார். எங்கேயும் கருகின வாசனையோ கறுத்த தடமோ இல்லை என்றும் சொன்னார்.

அடாப்டர் ஸ்டுடியோக்காரர் கொடுத்தது. பழைய இன்டர்நெட் ரௌட்டருக்கு வந்ததாம். 9 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மாட்யூலின் பின்பக்கமும் 9 வோல்ட்தான். அதனால் அதில் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.

வாங்கலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கச்சேரி_பேட்

தம்பி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெல்லிசைக் குழுக்களில் இருபது வருஷத்துக்கு மேல் பேட் வாசிக்கிறவன் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு பழைய ரோலண்ட் எஸ்பிடி-20 தேடுங்கள். 1998இல் வந்தது, இன்றைக்கும் பாதி மேடைகளில் அதுதான் ஓடுகிறது. எழுநூறு சத்தம், தபேலா உண்டு, எட்டு பேட்களும் அதிலேயே இருக்கின்றன. தூக்கி ஸ்டாண்டில் வைத்தால் கச்சேரி தொடங்கிவிடலாம். கெட்டுப்போனால் சரிசெய்ய எல்லா ஊரிலும் ஒரு ஆள் இருப்பார். நீங்கள் சொல்கிற பெட்டிக்கு பேட் தனி, ஒயர் தனி, ஸ்டாண்ட் தனி. கொடை மேடையில் இருட்டில் யார் காலாவது ஒயரில் மாட்டினால் அத்தோடு முடிந்தது.

ஈயப்புகை

மேலே அண்ணன் சொன்னதில் ஒயர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் கேட்டவர் ஆலயத்தில் ஒரே இடத்தில் வைத்து வாசிக்கப் போகிறார், கிக் பெடலும் வேண்டும் என்கிறார். அதற்கு டிஎம்5 கெட்ட சாமான் இல்லை. பேட் ஒயர் மாட்டுகிற டிரிகர் இன்புட் பன்னிரண்டு, ஐந்நூற்று நாற்பது சத்தம், மெயின் ஒரு ஜோடி, ஆக்ஸ் என்கிற கூடுதல் ஒரு ஜோடி என்று நான்கு அவுட்புட். கிக்கை மட்டும் தனியாக மிக்சருக்குக் கொண்டுபோகலாம். 1991இல் வந்த டி4 என்கிற மாட்யூலின் தம்பி இது. மதுரையில் கீபோர்டு, பேட், ஆம்ப் சர்வீஸ்தான் எனக்குத் தொழில். இந்த இரண்டு பெட்டிகளும் என் மேஜைக்கு நிறைய வந்துபோயிருக்கின்றன.

குமரித் தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அது அடாப்டர் பற்றி எழுதிய பத்தியில் ஒளிந்திருக்கிறது.

ரௌட்டர் அடாப்டரின் லேபிளை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நேர்க்கோடு ஒன்றும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருக்கும். அது டிசி. இப்போது மாட்யூலின் பின்பக்கம் பவர் ஜாக் பக்கத்தில் பாருங்கள். அங்கே ஏசி என்று இருக்கும். இந்த மாட்யூலுக்கு வந்த சொந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி, 830 மில்லி ஆம்பியர். உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், ஏசியை டிசி ஆக்குகிற டயோடு கிடையாது. அலெசிஸ் அந்தக் காலத்தில் நிறைய சாமான்களை இப்படித்தான் செய்தது. வோல்ட் எண் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் கையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள்.

டிஸ்ப்ளே மட்டும் ஏன் எரிகிறது என்று கேட்பீர்கள். டிஸ்ப்ளே, பொத்தான், பிராசஸர் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடுகிறவை. டிசி கொடுத்தாலும் மாட்யூலுக்குள் இருக்கிற பிளஸ் பக்கத்து டயோடு வழியாகப் போய், வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்துகிற ரெகுலேட்டர் 5 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடும். சத்தம் வெளியே வருகிற இடத்தில் சிக்னலைப் பெருக்குகிற ஆப்-ஆம்ப் ஐசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்று இரண்டு சப்ளை வேண்டும். ஏசி வந்தால் ஒரு அரை அலையில் பிளஸ்ஸும் மறு அரை அலையில் மைனஸும் கிடைக்கும். டிசியில் மறு அரை அலையே இல்லை, மைனஸ் பக்கம் பட்டினி கிடக்கும். அந்தத் தூரத்துக் கரகரப்பு பட்டினி கிடக்கிற ஆப்-ஆம்ப் போடுகிற சத்தமாகத்தான் இருக்கும். "அவுட்புட் ஐசி போயிருக்கும்" என்று சொல்லி நல்ல ஐசியைப் பிடுங்கி வேறு போட்டு, அந்த அவசரத்தில் போர்டின் செம்புத் தடத்தையும் கிழித்துக்கொண்டு வந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டிவி மெக்கானிக் மூடிவிட்டுப் போனதற்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் செலவில்லாத வழி. உங்கள் வட்டாரத்தில் அலெசிஸ் எஸ்ஆர்-16 ரிதம் பெட்டி வைத்திருக்கிற கீபோர்டுகாரர் யாராவது இருப்பார். அதுவும் 9 வோல்ட் ஏசி சாமான்தான். லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அவருடைய அடாப்டரை ஒரு பத்து நிமிஷம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

யாரும் இல்லை என்றால் ஸ்பேர் கடையில் 0-9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். கடையில் 9-0-9 தான் இருக்கிறது என்பார்கள், அதுவும் போதும். நடு ஒயரும் ஓர ஒயர் ஒன்றும் மட்டும் எடுக்க வேண்டும், மற்ற ஓர ஒயரை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். தவறி இரண்டு ஓரங்களையும் எடுத்தால் 18 வோல்ட் போகும், அப்புறம் நான் சொல்ல ஒன்றும் இருக்காது. மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள். லோடு இல்லாமல் அளந்தால் பத்து, பத்தரை காட்டும். பயப்பட வேண்டாம், மாட்டியதும் இறங்கிவிடும். ஏசிக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, அதனால் பின்னில் எந்த ஒயர் உள்ளே, எந்த ஒயர் வெளியே என்ற கவலையும் இல்லை. பின்னின் அளவுக்கு மாட்யூலையே கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். லூசான பின் நடு ஆராதனையில் காலை வாரும்.

"12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, கொஞ்சம் பவர் கூடத்தானே" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். 9 வோல்ட் ஏசியே உச்சத்தில் பன்னிரண்டரை, பதிமூன்று வோல்ட் ஆகிறது. அதிலிருந்து 5 வோல்ட் போக மிச்சத்தை எல்லாம் ரெகுலேட்டர் சூடாகத்தான் வெளியே தள்ளுகிறது. 12 கொடுத்தால் உச்சம் பதினேழு. ஒரு பாட்டு ஓடும், ஒரு பூசை ஓடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே தரையில் போட்டு டேப் சுற்றி ஓட்டாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டி, 230 வோல்ட் பக்கம் சின்ன ஃபியூஸ், ஒயர் இழுபடாமல் உள்ளே ஒரு கிளாம்ப். சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற இடம் அது.

ஏசி கொடுத்தும் சத்தம் வராவிட்டால், மூடியைத் திறந்து அவுட்புட் ஜாக்குகளுக்குப் பக்கத்தில் எட்டுக் கால் ஐசிகளைத் தேடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து 8ஆம் காலையும் 4ஆம் காலையும் டிசியில் அளந்து எழுதுங்கள். எட்டில் பிளஸ், நாலில் மைனஸ் வர வேண்டும். அந்த இரண்டு எண்கள் தெரிந்தால் மேலே பேசலாம். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வடக்குக்_காற்று

ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடமும் ஒரு டிஎம்5 கிடக்கிறது. இங்கே எங்கடை ஆட்களின் கலியாண மண்டபங்களில் நிறைய நாள் அடித்த பெட்டி. 'வில்லு ஸ்லோ' என்று கிட் பெயர் இருப்பதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, என்னுடையதில் 'பைலா' என்று ஒன்று இருக்கிறது.

ஈயப்புகை அண்ணை சொன்னதோடு இரண்டு விஷயம். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்து யாரும் சொந்த அடாப்டரைக் கொண்டுவந்து தந்தால் நேரே சுவரில் சொருக வேண்டாம். இந்த நாட்டு அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் சுற்றியது. இப்போதைய போன் சார்ஜர் மாதிரி எந்த வோல்ட்டையும் தாங்குகிற சாமான் இல்லை, உள்ளே இருப்பது இரும்பும் செம்பும். உங்கள் ஊர் 230இல் கொஞ்ச நேரத்திலேயே புகைந்துவிடும்.

மற்றது, அந்தக் கிட்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் வேறு எந்த வேலையும் தொடங்க முன்னம் மிடி (இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்கிற இணைப்பு) வழியாகக் கணினிக்கு ஒரு சிஸ்எக்ஸ் டம்ப், அதாவது உள்ளே சேமித்த கிட் எல்லாவற்றின் நகல், எடுத்து வையுங்கள். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரிதான் இருபத்தொரு கிட்டையும் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் எல்லாம் போச்சு. மிக மலிவான யுஎஸ்பி-மிடி ஒயர்கள் நோட்டை ஒழுங்காக அனுப்பும், சிஸ்எக்ஸ் பெரிதாக வந்தால் இடையில் விழுங்கிவிடும். எடுத்த ஃபைலை இன்னொரு முறை எடுத்து, இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள்.

குமரி_தாளம்

அண்ணே, சத்தம் வந்துவிட்டது!

எஸ்ஆர்-16 யாரிடமும் இல்லை. 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, பெட்டிக்குள் வைத்து ஃபியூஸ் போட்டு எங்கள் எலக்ட்ரீஷியன் மாமா கட்டிக் கொடுத்தார். மீட்டரில் 10.2 காட்டியது. மாட்டி 'அம்மன் 2' கிட்டை எடுத்து ஸ்னேர் பேடை ஒரு தட்டுத் தட்டினேன். ஹெட்போன் வால்யூம் முன்பு வைத்த மாதிரி முழுக்க இருந்ததை மறந்துவிட்டேன். காது இன்னும் ரீங்காரம் போடுகிறது.

கச்சேரி_பேட் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், எஸ்பிடி-20 எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த விலைக்கு இப்போது வழியில்லை.

இப்போது வேறு தொந்தரவுகள். மூன்றாம் இன்புட்டில் எந்த பேடை மாட்டினாலும் வருவதும் போவதுமாக இருக்கிறது, ஜாக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் வருகிறது. டாம் பேட் ஒன்று எந்த இன்புட்டிலும் பேசவில்லை. கிக்கை ஒரு தரம் மிதித்தால் இரண்டு தரம் அடிக்கிறது. ஸ்னேரை அடித்தால் பக்கத்து டாமும் லேசாகக் கேட்கிறது, இரண்டும் ஒரே கம்பியில் மாட்டியிருக்கின்றன. பேட்டரியை அளந்தேன், 2.7 வோல்ட். கிட் பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இந்த நிலையில் 7,500 கொடுக்கலாமா?

ஈயப்புகை

நல்ல சேதி. காதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் இன்புட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது மட்டும்தான் மாட்யூலுக்குள் இருக்கிற கோளாறு. தூக்கிப் பிடித்தால் வருகிறது என்றால் பெரும்பாலும் டிரை சால்டர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போனது. இந்த ஜாக்குகள் நேராக போர்டில் நிற்கின்றன. ஒவ்வொரு தரம் பிளக்கைச் சொருகி இழுக்கும்போதும் அந்தப் பாரம் ஈயத்தின் மேல் விழுகிறது, வருஷக்கணக்கில் அப்படி இழுபட்டால் விரிசல் விடும். போர்டைக் கழற்றி அடிப்பக்கத்தை லைட்டில் சாய்த்துப் பாருங்கள். காலைச் சுற்றி முடி மாதிரி ஒரு வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள், பழையதின் மேலேயே சூடு காட்டினால் ஒரு மாதத்தில் திரும்பிவிடும். போர்டு கழன்றிருக்கும்போதே மற்றப் பதினொரு டிரிகர் ஜாக்குகளுக்கும் நான்கு அவுட்புட்டுக்கும் செய்துவிடுவது புத்திசாலித்தனம். ஜாக்குக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து, பிளக்கை நாலைந்து தரம் சொருகி எடுங்கள்.

கூடவே ரெகுலேட்டர் பக்கத்துப் பெரிய கெபாசிட்டர்களின் தலையைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ அடியில் பிசுக்கு இருந்தாலோ மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. நன்றாக இருந்தால் தொடாதீர்கள். "எதற்கும் எல்லாத்தையும் மாத்திடலாம்" என்று இறங்குகிறவர்கள் இணையத்தில் நிறைய. பழைய போர்டில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஆபத்து.

பேட்டரி 2.7 என்றால் இன்று நாளை என்று ஓடுகிறது. வடக்குக்_காற்று சொன்னபடி டம்ப் எடுங்கள், எடுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். புதிதாக பேட்டரியை நேராக சால்டர் செய்யாமல் சிஆர்2032 காயின் பேட்டரிக்கான ஹோல்டர் வாங்கி வைத்துவிட்டால் அடுத்த முறை ஸ்குரூடிரைவரோடு வேலை முடிந்துவிடும். ஹோல்டரின் உயரம் மூடியில் இடிக்காமல் பாருங்கள், இது ஒன்றே முக்கால் அங்குலப் பெட்டி. காயின் பேட்டரி மேல் மட்டும் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், வெடிக்கும்.

அடுத்து அந்த ஊமை டாம். உள்ளே பித்தளை வட்டத்தின் நடுவில் வெள்ளைப் பீங்கான் ஒட்டிய பியசோ இருக்கும், அடியை மின்சாரமாக மாற்றுவது அதுதான், மியூசிக்கல் கிரீட்டிங் கார்டில் வருகிற அதே ஜாதி. பேடின் ஒயரை மீட்டரில் மாட்டி ஏசி வோல்ட்டில் வைத்துத் தட்டுங்கள். எண் துள்ளினால் பியசோ உயிரோடு இருக்கிறது, பிளக்கைப் பாருங்கள். துள்ளவில்லை என்றால் பெரும்பாலும் நடுவில் இருந்த சிவப்பு ஒயர் பிய்ந்திருக்கும். 27 மில்லிமீட்டர் அல்லது 35 மில்லிமீட்டர் பியசோ கேட்டு வாங்குங்கள், டீ வடை காசுதான், நாலைந்தாக வாங்கி வையுங்கள். ஒயர் ஏற்கெனவே பற்றவைத்து வருவதாக இருந்தால் நல்லது. நீங்களே வைப்பதானால் பீங்கான் மேல் அயர்ன் ஒரு நொடிக்கு மேல் நிற்கக்கூடாது, அந்த வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும். பிளைவுட்டுக்கும் பியசோவுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் இரட்டை டேப் போதும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் அடி அப்படியே பீங்கானில் இறங்கி, அது விரிசல் விட்டுவிடும்.

ஒயர்களையும் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரில் பிளக் போட்டு வைத்திருப்பார்கள். ஷீல்டு உள்ள மோனோ ஒயர்தான் வேண்டும். இந்த மாட்யூலுக்கு ஒரு இன்புட்டுக்கு ஒரு சத்தம்தான், நடுவுக்கும் விளிம்புக்கும் தனித்தனி சத்தம் தருகிற நவீன பேடை ஸ்டீரியோ ஒயரில் மாட்டி ரிம் சத்தம் வரவில்லையே என்று தேடாதீர்கள்.

கிக் இரட்டையாக அடிப்பதும் டாம் ஒட்டிக்கொண்டு வருவதும் கோளாறே இல்லை, அமைப்பு. டிரிகர் பக்கத்துக்குப் போனால் கெயின், எக்ஸ்டாக், நாய்ஸ், டிகே என்று வரும். வரிசை முக்கியம். முதலில் கெயின், அடியை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்கிற அளவு: நீங்கள் ஆராதனையில் எவ்வளவு ஓங்கி அடிப்பீர்களோ அந்த அடிக்குத்தான் முழுச் சத்தம் வர வேண்டும். கெயினை ஏற்றி வைத்துக்கொண்டு மற்றதைத் திருகினால் நாள் முழுக்கத் திருகலாம். அது சரியானதும் கிக்குக்கு மட்டும் டிகேயை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதல் அடி விழுந்த பிறகு எவ்வளவு நேரம் அடுத்த அசைவைக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்பதுதான் அது. இரட்டை நின்ற இடத்தில் நிறுத்துங்கள், இன்னும் ஏற்றினால் வேகமாக மிதிக்கிற அடிகளையும் விழுங்கிவிடும். கிக் பெடலின் பீட்டர் பேடிலேயே பதிந்து நிற்காமல் திரும்புகிறதா என்றும் பாருங்கள், பாதி இரட்டை அடி காலில் இருந்து வருவது. டாமுக்கு, பக்கத்து பேடின் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடுகிற எக்ஸ்டாக்கை ஏற்றுங்கள். அதற்கு முன்னால் பேடுக்கும் கம்பிக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். எந்த எண்ணை மாற்றுவதைவிடவும் அது நன்றாக வேலை செய்யும்.

விலைக்கு வருவோம். சத்தம் வராத பெட்டிக்கு அவர் 7,500 சொன்னார். இப்போது சத்தம் வருகிறது என்பதை அவரிடம் மறைக்கச் சொல்ல மாட்டேன், உங்களை நம்பிக் கொடுத்தனுப்பிய மனிதர். ஆனால் சொந்த அடாப்டர் இல்லை, பேட்டரி முடிந்தது, ஒரு ஜாக் போயிற்று, ஒரு பேட் ஊமை. இதைச் சொல்லி 5,000க்கும் 6,000க்கும் நடுவில் கேட்டால் அநியாயம் இல்லை.

கச்சேரி_பேட்

கோபமெல்லாம் இல்லை தம்பி. ஆனால் ஈயப்புகை, நீங்கள் இப்படி எல்லாவற்றையும் பிழைக்க வைத்துக்கொண்டே இருந்தால் யார் புதுசு வாங்குவார்கள்? என்னிடம் ஒரு எஸ்பிடி-11 மேல் தட்டில் தூங்குகிறது, மூன்றாம் பேட் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கொண்டு வரட்டுமா?

ஈயப்புகை

கொண்டு வாங்க அண்ணே. அடாப்டரையும் சேர்த்துக் கொண்டு வாங்க. அது டிசி, நடுப் பின் மைனஸ். அதில் கடையில் விற்கிற நடுப் பின் பிளஸ் அடாப்டரைச் சொருகிவிட்டு வராதீர்கள்.

குமரி_தாளம்

5,500க்கு முடிந்தது. டம்ப் எடுக்க மிடி ஒயர் தேவை என்றதும் அவரே ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் எடுத்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார், இரண்டு தரம் எடுத்து ஒப்பிட்டும் பார்த்துவிட்டோம். 'வில்லு ஸ்லோ' கிட்டில் குடம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தை எப்படி உண்டாக்கினார் என்றும் காட்டினார். ஒரு பிளாக் சத்தத்தையும் ஒரு டாமையும் ஒரே நேரத்தில் அடிக்க வைத்து, டாமின் பிட்சை மேலே ஏற்றியிருக்கிறார். இரண்டு இன்புட்டுக்கும் ஒரே பேடிலிருந்து ஒயர் பிரித்து மாட்டியிருந்தாராம்.

ஜாக்குகளுக்கு ஈயம் வைத்தாகிவிட்டது, மூன்றாம் இன்புட் இப்போது அசைத்தாலும் விடுவதில்லை. டாம் பேடில் நீங்கள் சொன்னதேதான், சிவப்பு ஒயர் பிய்ந்து தொங்கியது. சைக்கிள் டியூபும் சுற்றியாயிற்று.

கடைசியாக ஒன்று. ஹை-ஹாட்டுக்குக் காலில் என்ன மாட்டுவது? கீபோர்டு சஸ்டெயின் பெடல் ஒன்று சும்மா கிடக்கிறது.

ஈயப்புகை

அதையே ஃபுட்ஸ்விட்ச் ஜாக்கில் மாட்டுங்கள். ஆனால் மாட்யூல் ஆஃபில் இருக்கும்போது மாட்ட வேண்டும், மிதிக்காமல் ஆன் செய்ய வேண்டும். மூடியது, திறந்தது என்று இரண்டு நிலைதான் கிடைக்கும், பாதி திறந்த ஹை-ஹாட்டின் 'ஷ்ஷ்' இதில் வராது. அது வேண்டுமென்றால் இன்னொரு பேடுக்குப் பாதி திறந்த சத்தம் ஒன்றைக் கொடுத்துக் கையால் அடித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு இன்புட் காலியாகத்தானே இருக்கிறது.